அறியுமுன்பே வரும் அமானிதம்

அமானிதம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பிறகே பொறுப்புத் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். வந்தது தெரியாமலே வந்துவிட்ட அமானிதத்துக்கு யார் பொறுப்பு? தாயின் வயிற்றில் சிசு உருப்பெறும் விதத்தை அறிந்தால், இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது.

சுண்டெலியின் கருவை விஞ்ஞானிகள் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகின்றனர். கருவில் எது கழுத்து, எது மார்பு, எது இடுப்பு என்று வகுப்பதில் 'ஹாக்ஸ்' எனப்படும் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சுண்டெலிக்கு இவை 39, மனிதனுக்கும் 39. தஸ்பீஹ் மணிகளைப்போல வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. வரிசையில் ஒரு முனையில் இருப்பவை உடலின் முற்பகுதியையும், மறுமுனையில் இருப்பவை பிற்பகுதியையும் கவனிக்கின்றன. இவற்றில் ஒரு தொகுதியை அமெரிக்க விஞ்ஞானிகள் செயலிழக்கச் செய்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். விலா எலும்பே இருக்கக்கூடாத இடுப்பில் அந்த எலிகளுக்கு விலா முளைத்திருந்தது!

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. புவனேஸ்வரம் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி குழுவினர் தவளைக் குஞ்சுகளின் வாலை வெட்டி, வைட்டமின் 'ஏ' கலந்த நீரில் விட்டனர். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதில் கால்கள் முளைத்தன. இது 1992-இல் வெளியாயிற்று. வைட்டமின் 'ஏ' சிசுவுக்குத் தேவையானதுதான். அளவு மீறினால் அதுவே அமைப்பைக் குலைக்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த முகப்பரு மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் உண்ணலாகாது என்று மருத்துவர்கள் தடுப்பதும் இதனாலேயே.

மனிதக் கருவில் இந்த வகுப்பு மூன்றாம் வாரத்திலேயே தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் சுமார் 28-ஆம் நாளில் மூடிக்கொள்கிறது. 'நாள் தள்ளிப் போயிருக்கிறதே' என்று ஒரு பெண் ஐயுறும் நேரம் அது. அவள் உறுதியாய் அறியுமுன்பே அடித்தளம் போடப்பட்டு விடுகிறது.

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஏலம் அடிக்கடி பூச்சிமருந்து கேட்கும் பயிர். எல்லா மருந்தும் கருவைக் கெடுக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் விஷம் என்று தெரிந்ததை, கருவுற்றிருக்கக் கூடிய ஒருத்தியின் கையில் உறையின்றிக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

நம் மார்க்கச் சட்டம் இன்னும் பிறக்காத சிசுவுக்கும் வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது. சிசுவுக்குத் தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமலான் நோன்பிலேயே சலுகை தருகிறது. ஃபர்ளான நோன்பே சிசுவுக்காக ஒத்திவைக்கப்படும்போது, ஒரு நாள் மருந்தடிப்பு ஒத்திவைக்கத் தகாததா?

'எல்லாம் விதிப்படி' என்பார் சிலர். விதியை நம்பும் நாம் ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதில்லை. வேறு சிலர், குறையுள்ள குழந்தை பிறந்ததும் தாயைக் குற்றவாளியாக்குவர். இது பெரும் அநீதி. யாருடைய பிழையுமின்றியே அந்த வரிசை பிசகுவதுண்டு. அவளே அறியாத நாட்களுக்கு அவளிடம் கணக்குக் கேட்க நாம் யார்?

ஆகவே பொறுப்பு அவளைச் சூழ்ந்திருப்போர்மீதே விழுகிறது. மணமான பெண்ணை மருந்து கலக்கும் வேலைக்கு அனுப்பாதிருப்பது கணவன் கடமை. மருந்தடித்த பாத்திக்குள் உடனே ஆளை இறக்காதிருப்பது தோட்ட முதலாளியின் கடமை. கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை உண்பது தண்டுவடக் குறைகளைப் பெரிதும் தடுக்கும் என்பதை நிக்காஹ் வீட்டிலேயே எடுத்துச் சொல்வது பெரியவர்கள் கடமை.

இருள்களுக்குள் ஒழுங்காய் நடைபெறும் அந்தப் படைப்பில் நமக்குக் கைவேலை ஏதுமில்லை. அதற்கு இடையூறு செய்யாதிருக்கும் வேலை மட்டும் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. அதையேனும் சரிவரச் செய்ய வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக!