பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன்

வியாபாரிகளாகிய நமக்குக் கடன் என்பது புதிய சொல்லன்று. பற்று, வரவு, தவணை, வாயிதா என்று நாள் முழுவதும் அதனோடுதான் புழங்குகிறோம். எவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பேரேட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். ஆனால் பேரேட்டில் பெயரில்லாத கடன்காரர் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும். அவர் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவதில்லை, வழக்குப் போடுவதுமில்லை. ஆதலால் நாமும் அவரை மறந்து விடுகிறோம்.

தகப்பன் தன் சிறு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டுப் பொருள் செய்வதும், ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவதும், அவன் அளக்கும் கதையைக் காது கொடுத்துக் கேட்பதும் நாம் அவனுக்குச் செய்யும் உபகாரமா, அல்லது அவனுடைய ஹக்கா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயம். உபகாரமென்றால், நேரம் மிஞ்சியபோது செய்யலாம். மிஞ்சாவிட்டால் நம்மீது குற்றமில்லை. ஹக்கு என்றாலோ, மிஞ்சுகிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுச் செலவு போக மிஞ்சினால் சரக்குப் பணம் தருகிறேன் என்று மொத்த வியாபாரியிடம் எவராவது சொல்லத் துணிவோமா?

இந்தக் கேள்வி ஏடு படித்து எழுந்ததன்று. சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இளைய மகன் சட்டைப்பை நிறையப் பால்மரக் கொட்டைகளுடன் கடைக்கு வந்தான். அந்தக் கொட்டையைக் குடைந்து, ஈர்க்குச்சியைச் செருகி, நூலைச் சுற்றி இழுத்தால் கிறுகிறுவென்று சுழலும் ஒரு விளையாட்டுச் சாமானை நாம் சிறுவயதில் செய்ததாக என்றோ அவனிடம் பெருமை பேசியிருந்தோம். "அத்தா, செஞ்சு தாங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைதான் நமக்கு வியாபாரம் என்பது சுங்கை சிப்புட் கடைத்தெருவை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லிந்தாங்கிலிருந்தும் லாசாவிலிருந்தும் ஜனங்கள் சாமான் வாங்க வருகிற நாள். "பிறகு பார்க்கலாம், போ வாப்பா" என்றோம். இரவு கடையடைக்கும்போது கல்லாவுக்குப் பின்னால் நான்கு கொட்டைகள் உடைந்து கிடந்தன. அவனே காம்பஸ் முள்ளால் துளைத்துப் பார்த்திருக்கிறான், விரலிலும் குத்திக்கொண்டிருக்கிறான். பத்து நாள் கழித்து நமக்கு ஞாபகம் வந்து, "அந்தக் கொட்டை எங்கே, வா செய்வோம்" என்றோம். "அதெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன் அத்தா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் ஏதுமில்லை. அதுதான் நம்மைச் சுட்டது.

"இவ்வளவு உழைப்பதும் அவர்களுக்காகத்தானே?" என்று அன்பர்கள் கேட்கலாம். மெய்தான். மனைவி மக்களுக்கு ஹலாலான வழியில் சம்பாதித்துப் போடுவதற்கு நன்மை உண்டென்று மார்க்கம் கூறுகிறது. அதை எவரும் சிறுமைப்படுத்த வேண்டாம். ஆயினும் ஒரே ஆளுக்கு இரண்டு வகைக் கடன் இருந்தால், ஒன்றைத் தீர்த்ததைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாதன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட வேலை மிகுந்தவர் நம்மில் யார்? அன்னவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அது இறங்கும்வரை தலையை உயர்த்தாமல் இருந்திருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூ உமைர் என்னும் சிறுவன் வளர்த்த குருவி செத்துப்போயிற்று. அவன் வாடியிருந்ததைக் கண்ட நாயகம் அவர்கள் அந்தக் குருவியைப் பற்றிச் செல்லமாக விசாரித்தார்கள். ஒரு குருவி விஷயந்தானே என்று ஒதுக்கவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாபிஈ இமாம் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு ஹதீதிலிருந்து மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார்கள். பெரிய ஆலிம் ஒருவர் ஒரு சிறுவனின் குருவிக்காக அவ்வளவு மை செலவழித்திருக்கிறார்!

விளையாட்டு வீண் வேலை என்று நினைப்பவர்கள் இமாம் கஸ்ஸாலி அவர்களின் இஹ்யாவைப் பார்க்கட்டும். ஓதிவிட்டு வந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் அதன் உள்ளம் செத்துப் புத்தி மழுங்கும் என்ற கருத்தை அதிலே காணலாம். காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் சமய வகுப்பு, இரவில் டியூசன் என்று பிள்ளைகளை ஓட்டும் நாம் இதை எப்போது யோசித்தோம்?

நிற்க. நமக்கு முன்னிருந்த பெரியவர்களை என்ன சொல்வது? நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தவர் பலர் குடும்பத்தோடு வந்தார்கள். இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர்களில் பலரோ மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் புகுந்தபின் 1945 வரை கடிதத்துக்கும் வழியற்றுப் போயிற்று. போகும்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை, திரும்பி வந்தபோது "யாரும்மா இவர்?" என்று கேட்ட வீடுகள் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் நம் ஊரை அடுத்த தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டதை ஒட்டி அவசர காலம் பிறந்து 1960 வரை நீடித்தது. அந்த ஊரடங்கு நாட்களில், பால்மரக் காட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கொட்டை பொறுக்க எந்தத் தகப்பனுக்குத் தைரியம் வந்திருக்கும்?

அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால், வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் தர வேண்டுமென்பது அல்பகரா அத்தியாயத்தில் உள்ள கட்டளை. அந்த அவகாசம் அவர்களுக்கு உரியது. ஆனால் வசதியுள்ளவர் தள்ளிப்போட்டால் அது அநீதி என்றே நாயகம் அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். இன்று நாம் எந்த வகை? பிள்ளை மாடியில், நாம் கீழே கடையில். இடையே இருப்பது பதினெட்டுப் படிகள். கடல் அன்று.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், அங்கே மரத்தடியில் நின்று வெங்காய விலையைக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருந்ததாக நிய்யத். உண்மையில் கால் மணி தேறாது. அளவையில் குறைப்போரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே உண்டு என்பதை நாம் அறிவோம். தராசில் கை வைக்க அஞ்சுகிற நாம், இந்த அளவையில் மட்டும் கூசாமல் குறைக்கிறோம்.

இக்கடனுக்கு ஒரு கடுமை உண்டு. தவறிய தொழுகையைக் கழாச் செய்யலாம். விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தர வேண்டியதை அவனுடைய பதினேழாம் வயதில் கொண்டுபோய் நீட்டினால், வாங்கிக்கொள்ள அந்த ஏழு வயதுப் பிள்ளை இருக்க மாட்டான். மீசை அரும்பிய வேறொருவன் நிற்பான். அவனுக்கு நம்மிடம் கேட்க ஒன்றுமிராது. மோட்டார் சைக்கிள் சாவியைத் தவிர.

கொட்டை விஷயம் நடந்த மறுமாதம் ஒரு ஞாயிறு மைத்துனரைக் கடையில் உட்கார்த்திவிட்டு, மகனையும் அவன் அக்காவையும் அழைத்துக்கொண்டு சாயோங் கிராமத்துக்குப் போனோம். கோலகங்சாரைக் கடந்து, பேராக் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர். நம் கடையிலிருந்து அதிகத் தூரமில்லை. லாபு சாயோங் என்னும் சுரைக்காய் வடிவக் கூஜாவை அங்கேதான் செய்கிறார்கள். அதில் ஊற்றி வைத்த தண்ணீர் தானே குளிர்ந்திருக்கும். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அது எப்படிக் கறுப்பாகிறது என்று நமக்குத் தெரியாது. சாயம் பூசுகிறார்கள் என்றே எண்ணியிருந்தோம். சுட்ட மண்பாண்டத்தைச் சூடு ஆறுமுன் உமியில் போட்டு மூடுகிறார்கள். உமி கருகிப் புகைந்து பாண்டத்தில் கறுப்பு ஏறுகிறது. மகன் கேட்ட கேள்விகளுக்கு அந்த மக்சிக் சலிக்காமல் பதில் சொன்னார். நாமும் அவனோடு மாணவராக நின்றோம். தகப்பனுக்குத் தெரியாத விஷயம் உண்டென்று கண்டதில் பிள்ளைகளுக்கு அன்று ஒரே குதூகலம்.

ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கிடைத்தது. மகள் ஒரு விளக்குச் செய்தாள். மகன் வெகுநேரம் உருட்டிப் பிசைந்து, "சிப்புட்" என்று காட்டினான். நத்தையாம்! நம் ஊர்ப் பெயரில் நத்தை இருப்பது அப்போதுதான் நமக்கும் உறைத்தது. நாம் செய்ததை இங்கே எழுதுவதற்கில்லை. அது கிண்ணம் என்று நாம் சொன்னோம், பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை.

சுடாத மண்ணாதலால் நத்தை காய்ந்து முதுகில் விரிசல் விட்டுவிட்டது. இப்போது கல்லாவில் சில்லறைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ஜோடி செய்ய மறுபடி எப்போது போகலாம் என்று முந்தாநாள் கேட்டான். "பிறகு" என்று சொல்ல வாயெடுத்தோம். நாட்காட்டியைக் கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுழித்து அவன் கையில் கொடுத்தோம். மைத்துனரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.