முன்னோரின் புகழ் எமது சொத்தா?

"நான் இன்னாரின் பேரன்" என்று சொல்லும்போது எவருக்கும் நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்கிறது. பாட்டனார் உடையாராக இருந்திருப்பார். அவரது படம் விறாந்தைச் சுவரில், திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலே தொங்கும். அவர் கோயிலுக்குக் கொடுத்த மணியை நாமே கொடுத்ததுபோலப் பேசிக்கொள்வோம். இதில் பிழை உண்டா? அன்பான வாசகர்களே, எமக்கு உறவோ பகையோ இல்லாத ஒரு குடும்பத்தை வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தின் பிறெக்கின்றிஜ் குடும்பம் செல்வமும் செல்வாக்கும் மிகுந்தது. மூதாதையான யோன் பிறெக்கின்றிஜ் 1805இல் ஜனாதிபதி ஜெபர்சனின் சட்டமா அதிபரானார். அவர் பெயரையே தாங்கிய பேரன் 1857 முதல் 1861 வரை உப ஜனாதிபதி. இவருடைய மகன் கிளிப்ரன், 1894 முதல் 1897 வரை ருஷ்யாவில் அமெரிக்கத் தூதுவர். இன்னொரு கிளையில் வந்த யோசப் இராணுவத்தில் மேஜர் ஜெனரல். யோசப்பின் மகன் ஹென்றி 1913 முதல் 1916 வரை போர்த் திணைக்களத்தின் உதவிச் செயலாளர். இந்த ஹென்றி வாள்வீச்சிலும் வல்லவர். 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு, 1920இல் தமது குழுவினருடன் வெண்கலப் பதக்கம் பெற்றார். தமையன் ஸ்கொற்றும் 1912இல் ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்குபற்றியவரே.

வாள்வீச்சில் ஒரு பழைய மரியாதை உண்டு. மெல்லிய வாளின் நுனி எதிராளியின் மார்பில் பட்டதா இல்லையா என்பதை இன்று மின்விளக்குக் காட்டிவிடுகிறது. அக்கருவி வருமுன், நடுவர்களின் கண்ணுக்குத் தப்பினாலும், குத்து வாங்கியவரே "பட்டது" என்று ஒப்புக்கொள்வது கௌரவமாகக் கருதப்பட்டது. தோற்பதைவிட மறைப்பதே இழுக்கு. விளையாட்டில் இது பெரிய சிரமமல்ல. குடும்பக் கதையில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஏனெனில், இக்குடும்பத்தின் செல்வத்துக்குப் பின்னால் அடிமைகளின் உழைப்பு இருந்தது. உப ஜனாதிபதியாக இருந்தவர், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்மாநிலங்களின் தளபதியானார். அவருடைய சிறிய தகப்பனாரான போதகர் றொபேட் பிறெக்கின்றிஜ் அடிமைமுறை மெல்ல ஒழியவேண்டுமென வாதாடினார். தாமே அடிமைகளையும் வைத்திருந்தார்! போதகரின் புதல்வரில் இருவர் வடக்கிலும் இருவர் தெற்கிலுமாக எதிரெதிரே போர் செய்தனர். (இப்போதகர் கத்தோலிக்கரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர். அந்தக் கோபத்தில் அவரை இங்கே இழுத்துவரவில்லை.)

பேரப்பிள்ளைகள் இதற்குக் குற்றவாளிகளா? இல்லை. தகப்பனின் அக்கிரமம் மகனைச் சேராது என்பதே எசேக்கியேல் ஆகமம் 18ஆம் அதிகாரத்தின் போதனை. ஆனால் அதே அதிகாரம், நீதிமானான தகப்பனின் நீதி கெட்ட மகனைக் காப்பாற்றாது என்றும் கூறுகிறது. இதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பாட்டனாரின் பாவம் என்னுடையதல்ல என்றால், அவரது புகழும் என்னுடையதல்ல. புகழுக்கு மட்டும் "நாங்கள்" என்றும், பழிக்கு "அவர்கள்" என்றும் சொல்வது நேர்மையான கணக்கல்ல.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ந் திகதி, தபசுகாலத்தின் முதல் ஞாயிறன்று, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரோமை இராயப்பர் தேவாலயத்தில், திருச்சபையின் பிள்ளைகள் முற்காலங்களில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அவை அவர் செய்தவை அல்லவே! தாயின் வீட்டில் வாழ்கிறவன் அவ்வீட்டின் கடனையும் அறிந்திருக்கவேண்டும் என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

தூதுவர் கிளிப்ரனின் மகள் மேரி, ருஷ்யாவிலும் சுவிற்சர்லாந்திலும் வளர்ந்த சீமாட்டி. 1916இல் பிறந்த பெண்குழந்தை அன்றே இறந்தது. 1918இல் நான்கு வயது மகனையும் இழந்தார். ஏற்கெனவே தாதியாக இருந்தவர், பின்னர் இங்கிலாந்து சென்று மருத்துவிச்சித் தொழிலையும் கற்று, 1925இல் கென்ரக்கியின் மலைப்பகுதியில் தாய் சேய் சேவையொன்றை ஆரம்பித்தார். வீதியில்லாத அவ்விடங்களுக்குத் தாதியர் குதிரையேறிப் போனார்கள். குடும்பப் பெயரைக் காட்டித்தான் செல்வந்தரிடம் பணம் திரட்டினார். முன்னோரின் பெயரை இப்படிச் செலவழிப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும் அதே மேரி கறுப்பினத் தாதியரைத் தமது சேவையில் சேர்க்கவில்லை. பாட்டனார் காலத்துப் பார்வை பேத்தியையும் முற்றாக விட்டுப்போகவில்லை. நன்மை செய்கிறவர்களிடமும் முதுசமாக வந்த குருட்டுத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை நாம் அச்சத்தோடு கவனிக்கவேண்டும்.

அது அமெரிக்கக் கதை என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த எமது தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். படத்தில் இருக்கும் பாட்டனாருக்கு வயலும் தோட்டமும் இருந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். அந்த வயலை உழுதவர்கள் யார், அவர்கள் எந்த வாசலில் நின்று கூலி வாங்கினார்கள், கோயிலில் எங்கே முழந்தாளிட்டார்கள் என்று பிள்ளை கேட்டால், என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?