பேயால் யாருக்கு ஆதாயம்?

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ 1981-இல் குமுதத்தில் தொடராக வந்தது. நான் அதைப் புத்தகமாகத்தான் படித்தேன், கஜா புயல் கரையேறிப் போன 2018 நவம்பர் இரவுகளில். வேதாரண்யத்துக்கு மின்சாரம் திரும்ப நாளாயிற்று. மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்பைப் பார்க்க மனம் வராமல் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். “ஊரே இருட்டுல கெடக்கு, இப்ப போய் பேய்க்கதையா?” என்று வீட்டில் கேட்டார்கள். புத்தகத்தின் பயத்தை மூடி வைக்கலாம், வெளியே கிடந்ததை மூட முடியாது. அந்த ஆறுதலுக்காகத்தான் எடுத்தேன். ஆனால் அந்த நாவல் ஒரு கேள்வியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

லீனா என்ற இளம்பெண்ணுக்குப் பெரிய சொத்து வரவேண்டும். அந்த வீட்டைச் சுற்றி ஓர் ஆவி உலவுவதாகப் பேச்சு. கணேஷும் வசந்தும் வக்கீல்களாக அங்கே போய்ச் சேருகிறார்கள். கண்ணால் கண்டதை நம்புவதா, அறிவு சொல்வதை நம்புவதா என்று இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். ஆவிக்கு ஹோலோகிராம் என்று ஓர் அறிவியல் விளக்கமும் வருகிறது. அந்த விளக்கம் வந்த பிறகும் ஒரு சந்தேகத்தைச் சுஜாதா முழுக்கத் துடைத்துவிடவில்லை. அந்த இடத்தில் அவர் காட்டிய அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். என்னைப் பிடித்து உலுக்கியது அதுகூட இல்லை. வக்கீல் நுழைந்த வீட்டில் பேய் வந்தால், படிப்பவர் மனமும் மெல்லப் பத்திரத்தின் பக்கம் திரும்புகிறது. பேய் உண்டா என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பேய் உலவுவதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்துப் பேய்களிடமும் அதைக் கேட்டுப் பார்த்தேன்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரைவரை உப்பளமும் சதுப்பும் காடுமாகக் கிடக்கும் நிலம். அங்கே கொள்ளிவாய்ப் பிசாசு உண்டென்று என் அப்பாயி நம்பினார். ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி அதே சதுப்பில்தான் வந்தியத்தேவனைச் சேற்றுக் குழியில் விழவைக்கிறார். அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் பூங்குழலி, இரவில் தரையிலிருந்து எழும் நெருப்பைக் காட்டி அவைதான் தன் காதலர்கள் என்கிறாள். ஊர் நடுங்கும் பிசாசை அப்படிச் சொந்தம் கொண்டாடும் பெண் தமிழ்க் கதைகளில் அரிது. அழுகும் தழையிலிருந்து எரிவாயு கிளம்புகிறது என்பது 1776-இல் இத்தாலியின் வோல்டா மஜ்ஜோரே ஏரிச் சேற்றிலிருந்து மீத்தேனைப் பிடித்த நாளிலிருந்தே தெரியும். அதைப் பற்றவைப்பது எது என்பதில்தான் வேதியியலார் இன்னும் விவாதிக்கிறார்கள். பாஸ்பீன் என்ற வாயுவைப் பலர் சொல்கிறார்கள்.

அந்தப் பிசாசு யாருக்கு வேலை செய்தது? சேறு எங்கே ஆழம், எங்கே திடம் என்று இருட்டில் தெரியாத பிள்ளைகளுக்குத்தான். “பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் அடி வைக்காதே” என்று அப்பாயி சொன்னால் கால் தானாக வீட்டுக்குத் திரும்பும். யாரையும் கட்டிப்போடாத, யாரிடமும் காசு வாங்காத பிசாசு அது. அதைப் பொய் என்று விரட்ட எனக்கு அவசரமில்லை.

எல்லாப் பேயும் அப்படியில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனையோ பேரைச் சொந்த வீடே ‘பிடிச்சிருக்கு’ என்று கொண்டுவந்து விட்டிருக்கும். அங்கே அந்தச் சொல்லால் ஆதாயம் பெற்றவர்கள் பலர். தங்குவதற்குக் கட்டணம் வாங்கியவர்களுக்கு வருமானம். பார்த்துக்கொள்ளும் பாரத்தை இறக்கி வைத்த குடும்பத்துக்கு நிம்மதி. பிடிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது சங்கிலி. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் உறவிலேயே ஒரு பெண், பிள்ளை பெற்ற சில வாரத்தில் தனக்குள் பேசத் தொடங்கினாள். குழந்தையைப் பார்க்க மாட்டேன் என்றாள். கூடத்தில் இரண்டு கட்சி. “காத்துக் கருப்பு பட்டுடுச்சு, கோடாங்கிகிட்ட போவோம்” என்றார் மாமியார். “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று படித்த கொழுந்தனார் குரலை உயர்த்தினார். இரண்டு பேரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள், அவளிடம் யாரும் பேசவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தூங்குறியாம்மா?” என்று மட்டும் கேட்டேன். “எப்ப தூங்குனேன்னே தெரியல அத்தை” என்றாள். மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். மாமியாரும் கூடவே வந்தார், மடியில் திருநீற்றுப் பொட்டலத்தோடு. அதை நான் தடுக்கவில்லை. அந்தத் திருநீறு யாரையும் கட்டவில்லை. மருந்து வேலை செய்யச் சில மாதம் ஆனது. இப்போது அவளே குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறாள்.

மர்ம நாவல்களை நான் இன்னும் விடவில்லை. மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’வில் தண்டிப்பது கருப்பசாமியா, மனிதக் கையா என்ற பதற்றம் என்னை விடிய விடிய உட்கார வைத்தது. ஆனால் இந்த வகைக் கதைகளில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பேய் பேசுகிறது, பூசாரி பேசுகிறார், துப்பறிபவர் கடைசி அத்தியாயத்தில் நீளமாகப் பேசுகிறார். பிடிக்கப்பட்ட பெண் மயங்கி விழுவதோடு சரி. அவள் தன் வாயால் நடந்ததைச் சொல்லி, திகிலும் குறையாமல் நகரும் ஒரு நாவலை நான் இதுவரை படிக்கவில்லை. தமிழில் யாராவது எழுதினால் முதல் பிரதியை வாங்கி என் உறவுப் பெண்ணிடம்தான் கொடுப்பேன். எங்கே பொய், எங்கே நிஜம் என்று அவள் சொல்லிவிடுவாள்.