குருத்துவமும் ஒலிவாங்கியும்

கத்தோலிக்கத் திருச்சபை தன் குருக்களின் பணியைப் போதித்தல், புனிதப்படுத்துதல், வழிநடத்துதல் என மூன்றாக வகுத்திருப்பினும், பங்குப் பொறுப்பு ஏதுமின்றிப் பல்கலைக்கழக வகுப்பறையிலும் ஒளிபரப்புக் கூடத்திலும் வாழ்நாளைச் செலவிடும் குருவிடம் முதற்பணி மட்டுமே வெளியே தெரிகிறது. அதுவும் பெரும்பாலும் சமயம் சாராத போதனையாகவே அமைந்துவிடுகிறது. அவ்வாழ்வு குருத்துவத்திற்குள் அடங்கியதா, குரு ஒருவர் மேற்கொண்ட வேறொரு தொழிலா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

தமிழுலகம் இவ்வினாவைத் தனிநாயகம் அடிகளின் வாழ்வில் சந்தித்தது. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த அவர், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான, இயேசு சபைத் துறவி புரோயன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, மறைபரப்புக்கென உருவான நூல் மொழியாய்வுக்குரிய சான்றாயிற்று.

ஒளிபரப்பையும் கல்வியையும் ஒருசேரக் கைக்கொண்டவர் கொல்கத்தாவின் கஸ்தோன் ரொபேர்ஜ். கனடாவின் மொன்றியலில் 1935இல் பிறந்து 1961இல் இந்தியா வந்த இவ்வியேசு சபைக் குரு, வரும் வழியில் நியூயார்க்கில் சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களைப் பார்த்ததிலிருந்து வங்காளத்தைத் திரைவழியே அறியத் தொடங்கினார். பின்னாளில் ராயின் நெருங்கிய நண்பருமானார். 1970இல் அவர் நிறுவிய ‘சித்ரபாணி’ என்னும் ஊடகப் பயிற்சி நடுவமும், தூய சவேரியார் கல்லூரியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் அமைந்து, தூர்தர்ஷனின் உயர்கல்வி நிகழ்ச்சிகளுக்குப் படம் தயாரித்த நிலையமும் மறையுரைக் கூடங்களாக இருக்கவில்லை. பார்வையாளர் எதை நம்பவேண்டும் என்று சொல்வதைக் காட்டிலும், ஒரு காட்சி தம்மை எவ்வாறு நம்பவைக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்ளச் செய்வதில்தான் அவர் கருத்தூன்றினார்.

திருச்சபையோ இத்துறையில் ஊக்கத்தையும் எல்லையையும் சேர்த்தே வகுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புக் கருவிகள் குறித்துத் தனி ஆணையே வெளியிட்டது. ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 831ஆம் விதி, கத்தோலிக்கக் கோட்பாடு, அறநெறி ஆகியன தொடர்பான வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் குருக்கள் பங்கேற்பதற்கான நெறிமுறைகளை வகுக்கும் பொறுப்பை ஆயர் பேரவையிடம் ஒப்படைத்தது. அருட்சாதனங்களைப் பொறுத்தவரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் இறையருளை வழங்குவதாக நம்பப்படும் சடங்குகளைப் பொறுத்தவரை, எல்லை இன்னும் கறாரானது: தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செல்லாது, திரையில் காணும் திருப்பலியில் நற்கருணை கிட்டாது. எனினும் திருத்தந்தை உரோமை நகருக்கும் உலகுக்கும் அளிக்கும் ஆசீரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பெறலாம் என்று அதே திருச்சபை ஏற்றிருப்பதால், அலைவழியே அருள் செல்லவே செல்லாது என்றும் கூறிவிட முடியாது. இறையியலாளர் எளிதில் கடந்துபோகும் முடிச்சு இது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கோயில்கள் பூட்டப்பட்டிருந்தபோது, இராயபுரம் முதல் காலடிப்பேட்டை, எண்ணூர் வரையிலான வடசென்னைக் கடலோரத்துக் கத்தோலிக்க வீடுகளுக்குள் இம்முடிச்சு வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியருகே மெழுகுவர்த்தி ஏற்றி, எழுந்தேற்ற மணி ஒலித்ததும் முழந்தாளிட்டு, நற்கருணை வேளையில் அதை மனத்தால் மட்டும் ஏற்றுக்கொண்ட முதியவருக்கு, சட்டம் வகுத்த வேறுபாடு எந்த அளவுக்குப் பொருட்பட்டிருக்கும் என்பது ஐயத்திற்குரியதே.

அங்கியணிந்த முகம் திரையில் தோன்றியதும் சொல்லுக்கு மிகையான எடை ஏறிவிடுவதை நோக்க, 831ஆம் விதியின் எச்சரிக்கை பொருளற்றதன்று. ஆனால் ரொபேர்ஜ் திரைப்படம் கற்பித்த வகுப்பு அவ்விதியின் வரம்புக்குள் வருவதே இல்லை. அவருடைய உரிமையும் அவர்மேல் எழக்கூடிய ஐயமும் அவ்விடைவெளியிலிருந்தே பிறந்தன எனலாம். அவ்வகுப்பைக் குருத்துவப் பணியாக்கியது அதன் பாடப்பொருளன்று. இன்ன பணிக்குச் செல்க எனச் சபைத் தலைவர் அனுப்ப, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின்படி துறவி அதை ஏற்கும் இயேசு சபை மரபே. 1990களின் பிற்பகுதியில் அச்சபை, தன் உலகளாவிய சமூகத் தொடர்புச் செயலகத்தின் பொறுப்பை ஏற்குமாறு அவரை உரோமைக்கு அழைத்துக்கொண்டது. அப்பணி முடிந்தபின் அவர் கொல்கத்தாவுக்குத் திரும்பி, 2020 ஆகஸ்டில் அங்கேயே காலமானார்.