முத்திரையும் உண்மையும்

துவாஸ் துறைமுகம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் முறைப்படி திறக்கப்பெற்றது. அங்கே சரக்குப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் வண்டிகளிற் பல சாரதியின்றியே ஓடுகின்றன. துறைமுகத்திற்கு வெளியேயும், துவாஸ் உள்ளிட்ட மேற்குச் சிங்கப்பூர்ச் சாலைகள் 2019-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளின் சோதனைக்கெனத் திறந்துவிடப்பட்டன. வண்டியோடு வண்டி கம்பியில்லா முறையிற் பேசிக்கொள்ளும் ஏற்பாடும் உலகிற் பரவி வருகிறது. அப்பேச்சை நம்புவது எங்ஙனம் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

“முன்னே விபத்து, நில்” என்று ஒரு வண்டி சொல்ல, பின்வருவது நிற்கிறது. அச்செய்தி பொய்யாயின்? இது வீண் அச்சமன்று. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர் இருவர், பெருஞ்சாலையில் ஓடிய ஜீப் வண்டியொன்றின் வேகத்தைத் தொலைவிலிருந்தே அடக்கிக் காட்டினர். அதன்பின் 14 லட்சம் வண்டிகள் திருத்தத்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆதலின் அறிஞர் முத்திரை முறையை வகுத்தனர். ஒவ்வொரு செய்தியும் போலி செய்தற்கரிய கணித முத்திரையோடு வரும். வழியில் ஓரெழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. வண்டியின் போக்குவரவைப் பிறர் ஒற்றறியாவண்ணம் அதன் அடையாளமும் அடிக்கடி மாற்றப்படும். நன்று. ஆனால் முத்திரை மெய்ப்பிப்பது எதனை? தகுதிபெற்ற வண்டியொன்று இதனைச் சொல்லிற்று என்பதை மட்டுமே. சொல்லியது உண்மை என்பதையன்று. பழுதுற்ற கருவியும் நல்ல முத்திரையோடு பொய் சொல்லும். நற்சாட்சிப் பத்திரம் பெற்றவன் பொய்யே பேசான் என்று எந்த நீதிமன்றம் ஒப்பும்?

இதனினும் பெரிய கேடொன்றுண்டு. இரவு வேலை முடிந்து சாலையைக் கடக்கும் தொழிலாளியிடம் முத்திரை ஏது? சைக்கிளிற் செல்பவனிடம் ஏது? அவர்கள் செய்தி அனுப்பார். ஆயினும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்துப் பெரட்டிற் பெயர் பதியாதவனுக்கு அன்று கூலியில்லை. அவனுக்கு உயிரே இல்லையென்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. யந்திரம் அப்படிச் சொல்ல நாம் இடங்கொடுக்கலாமா?

ஆகவே முத்திரை இருக்கட்டும். வண்டி தன் கண்ணாலும் காணட்டும். பிறர் சொல்லைத் தன் காட்சியோடு ஒப்பிட்டு ஏற்கட்டும். வளைவுக்கு அப்பாலுள்ளதை எங்ஙனம் ஒப்பிடுவது என்பீராயின், ஐயமுள்ள இடத்தில் வேகத்தைக் குறைப்பதே அறிவு என்போம். சில நிமிஷ நஷ்டம் ஓர் உயிருக்கு ஈடாகாது. தவறு நேரின், “செய்தி முறைப்படி முத்திரையோடு வந்தது” என்று யாரும் கைகழுவிக்கொள்ளலாகாது. வண்டியை ஏவிய மனிதரே பொறுப்பேற்க வேண்டும்.