சாக்கும் பொறுப்பும்



ஒப்புவித்த வேலையைப் பிள்ளை நேரத்தில் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லுகிறது. அந்தக் காரணம் பொய்யல்ல, மெய்யே. அப்போது பெற்றோர் என்ன செய்வது நியாயம்? காரணத்தை ஏற்று விட்டுவிடலாமா? அல்லது, காரணம் எதுவானாலும் வேலை வேலைதான் என்று கண்டிக்கலாமா? மாடு கன்று உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழாத நாள் இல்லை.

இதை ஆராய ஒரு பெண்மணியின் இளம் பிராயத்து ஞாபகம் நமக்கு உதவும். சான்ட்ரா டே ஓகானர் என்பவர் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியான முதல் பெண்மணி. 2023-இல் தமது 93-ஆம் வயதில் காலமானார். அவர் வளர்ந்தது அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் எல்லையில், அவருடைய பாட்டனார் 1880-இல் தொடங்கிய 'லேஸி பி' என்னும் மாட்டுப் பண்ணையில். தம்பி ஆலனுடன் சேர்ந்து அந்த நாட்களைப் பற்றி 2002-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

பண்ணை என்றதும் நம் வீட்டுக் கட்டுத்தறியை எண்ணிவிடலாகாது. காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி அடைத்து மாடுகளை மேயவிடும் கொறங்காட்டை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர், பெரும்பகுதி குத்தகை நிலம், மழை குறைந்த வறண்ட பூமி. கிணற்று நீரைக் காற்றாடிகள் இறைக்கும். ஒரு காற்றாடி பழுதாகி, அதை ஒருவரும் கவனியாமற்போனால், அந்தப் பக்கத்து மாடுகளுக்குத் தண்ணீரில்லை. சான்ட்ராவுக்கு ஏழு வயதாகும்வரை வீட்டில் மின்சாரமுமில்லை, குழாய்த் தண்ணீருமில்லை.

அவருக்குச் சுமார் பதினைந்து வயதிருக்கும்போது நடந்த சங்கதி இது. கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். தகப்பனாரும் மாட்டுக்காரர்களும் தொலைதூரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது சான்ட்ராவின் பொறுப்பு. வழியில் வண்டியின் டயர் பஞ்சர். ஆள் நடமாட்டமில்லாத இடம். நட்டுகளோ இறுகிக் கிடந்தன. உடல் பாரம் முழுவதையும் ஸ்பேனர்மேல் போட்டு, தனியாகவே சக்கரத்தை மாற்றிப் போய்ச் சேர்ந்தாள். நேரம் கடந்துவிட்டது. தகப்பனார் பாராட்டவில்லை, தாமதத்தைச் சுட்டினார். டயர் போனதைச் சொன்னபோது, இன்னும் முன்னதாகப் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதே அவருடைய பதில்.

இது அநியாயம் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: குற்றம் வேறு, பொறுப்பு வேறு. டயர் வெடித்தது அவள் மனமறிந்து செய்ததல்ல, ஆகையால் குற்றமில்லை. எந்த நீதிபதியும் அவளை விடுதலை செய்வார். ஆனால் காத்திருந்த ஆட்களின் பசி அந்தத் தீர்ப்பினால் தணியுமா? குற்றம், செய்தவனின் மனதைப் பார்க்கிறது. பொறுப்போ, நம்மை நம்பியிருப்பவரின் தேவையைப் பார்க்கிறது. மாடு வளர்ப்போருக்கு இது புத்தகத்தில் படிக்க வேண்டிய பாடமல்ல. 'மாடு மேய்க்காமல் கெட்டது, பயிர் பார்க்காமல் கெட்டது' என்கிறோம். தண்ணீர் காட்டாததற்கு எத்தனை நல்ல காரணம் சொன்னாலும் வாயில்லா ஜீவனின் தாகம் தாகமே.

அப்படியானால், 'சாக்குச் சொல்லாதே' என்று எந்தத் தகப்பனும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடலாமா? இல்லை. அந்தத் தகப்பனார் நிழலில் உட்கார்ந்து கேட்கவில்லை. அதே வெயிலிலும் புழுதியிலும் நின்று கேட்டார். அதுமட்டுமா? பண்ணைக்கு அருகில் தகுந்த பள்ளி இல்லாதபடியால், மகளை ஆறு வயதிலேயே எல் பாஸோ நகரத்துப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். மகள் வீட்டை நினைத்து ஏங்கினாள். ஆயினும் மாட்டு வேலைக்காக அவளுடைய படிப்பை நிறுத்தவில்லை. தானும் சுமந்து, பிள்ளைக்குரியதையும் கொடுத்தவனுக்கே இப்படிக் கண்டிக்கும் உரிமை உண்டு.

இப்போது நம் மலையை நோக்குவோம். ஒரு வீட்டில் விடியுமுன் எழுந்து சாணி அள்ளுகிறவள் மகள். தண்ணீர் காட்டி, மாட்டை அவிழ்த்துக் கட்டுகிறவளும் அவளே. அண்ணன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். பள்ளிக்குப் பிந்திப் போய் அங்கே ஏச்சு. மாலையில் மாடு திரும்பப் பிந்தினால் வீட்டில் ஏச்சு. அவளிடமும் 'சாக்குச் சொல்லாதே' என்கிறார்கள். வார்த்தை அதேதான், நியாயம் அதுவல்ல. அங்கே வேலையைப் பகிர்ந்தார்கள்; இங்கே சுமத்துகிறார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும், ஆபத்தில்லாத குடும்ப வேலையில் பிள்ளை உதவுவதைப் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் மாத்திரமே அனுமதிக்கிறது.

'ஏழை வீட்டில் இதையெல்லாம் பார்க்க முடியுமா? இருவரும் கூலிக்குப் போனால் மாட்டை யார் பார்ப்பது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சான்ட்ராவின் வீட்டில் கூலியாட்கள் இருந்தார்கள், நமக்கு இல்லை. பிள்ளைகள் கை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கை ஏன் எப்போதும் பெண்பிள்ளையின் கையாக இருக்கிறது? வறுமை வேலையைப் பெருக்கும். ஒருத்தி தலையில் மட்டும் ஏற்று என்று அது சொல்வதில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. கண்டிப்பில் வளர்ந்து உயர்ந்தவர்கள் அதை நன்றியோடு நினைத்துப் புத்தகம் எழுதுகிறார்கள். அதே கண்டிப்பில் மனம் ஒடிந்தவர்கள் எழுதுவதில்லை. ஆகையால் ஒருவருடைய இனிய ஞாபகத்தை எல்லோருக்கும் சட்டமாக்கலாகாது. 'தனியாகச் சக்கரம் மாற்றினாயா, நல்லது. அடுத்த முறை சீக்கிரம் புறப்படு' என்று அந்தத் தகப்பனார் சொல்லியிருந்தால் பாடம் ஒன்றும் குறைந்திராது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் காரணத்தைத் தள்ளுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சுமையில் நானும் ஒரு பங்கு சுமக்கிறேனா? மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு வைத்தேனா? இந்த வேலைக்காக அவளுடைய படிப்பைப் பறிக்கிறேனா? இம்மூன்றுக்கும் மனச்சாட்சி ஒப்பும் பதில் உண்டானால் தாராளமாய்க் கண்டியுங்கள். இல்லையேல், நாளைக் காலையில் முதற்கூடை சாணியை அண்ணன் அள்ளட்டும்.