ஒரு சப்தத்தை நிறுத்துவது பற்றி

வாய் திறக்காமல் பொய் சொல்ல முடியுமா என்ற கேள்வி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளால் வந்தது. வண்டி மாமாவுடையது. 1974இல் திருவொற்றியூரில் செய்த புல்லட், 346 சி.சி., இரும்பு சிலிண்டர். மாமா காலமான பிறகு அத்தையின் பணமுடைக்காக விற்கவேண்டி வந்தது. கடைசிப் பத்து வருஷம் ஆயில்கூட மாற்றாமல் ஓட்டிய மனுஷர் அவர். எஞ்சினின் வலது பக்கத்திலிருந்து ஓயாமல் டக்டக்கென்று ஒரு சப்தம்.

புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். வைத்தியர் நாடி பார்ப்பது போல என்று எழுதக் கை போகிறது; அவ்வளவு பாவனை எதுவும் அவரிடம் இல்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். அதனால் வால்வுப் பக்கத்துச் சப்தம் எஞ்சின் வேகத்தில் பாதியில் வரும். அடியிலிருந்து கனமாக இடிக்கிற பேரிங் சப்தம் வேறு ஜாதி.

"டாப்பெட் சார்" என்றார். பிறகு, "சத்தத்தை நிறுத்தணுமா, சத்தம் எதனால வருதோ அதைச் சரி பண்ணணுமா?"

இரண்டும் வேறு என்பது எனக்கு அன்றுதான் விரல் வழியாகப் புரிந்தது. சிலிண்டரின் அடியில் ஒரு சின்ன மூடி. கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள். கேம் டாப்பெட்டைத் தூக்குகிறது, டாப்பெட் புஷ்ராடை, புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையை. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் நின்று வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில், புஷ்ராடை இரு விரலால் உருட்டினால் தடையில்லாமல் உருளவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு கேஜ் வைத்து அளப்பதில்லை. "தொடணும், அழுத்தக்கூடாது" என்றார். தளர்ந்தால் சப்தம் வரும். இறுக்கினால் வராது, ஆனால் சூடேறியதும் புஷ்ராடும் வால்வுத் தண்டும் நீண்டுகொள்ள, வால்வு தன் சீட்டில் முழுதாக உட்கார முடியாமல் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் சீட்டுக்குக் கடத்துகிறது. அதற்கு இடம் கொடுக்காவிட்டால் விளிம்பு எரிந்துபோகும். சப்தமில்லாமல் எரியும். (பின்னாளில் வந்த ஹைட்ராலிக் டாப்பெட் எஞ்சின்களில் ஆயிலின் அழுத்தமே இந்த அளவைப் பார்த்துக்கொண்டது. மனிதன் தீர்மானிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.)

மாமாவின் வண்டியில் அளவு வைப்பதோடு தீராது. டாப்பெட்டின் அடி குழிவிழுந்து, கைடும் தேய்ந்திருந்தது. ஹெட்டு, போர் இரண்டையும் இறக்கவேண்டும். ஒரு வாரம் ஆகும், செலவும் இழுக்கும். இல்லையென்றால் கெட்டி ஆயில் ஊற்றி டாப்பெட்டைக் கொஞ்சம் இறுக்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு அது போதும். இதை அவர் வெட்கப்பட்டும் சொல்லவில்லை, கண்ணடித்தும் சொல்லவில்லை. ஓட்டல் சர்வர் பலகாரம் ஒப்பிப்பது போலச் சொன்னார். நான் இரண்டாவதைக் கேட்டேன்.

வந்தவர் கல்லூரியில் கணிதம் நடத்தும் இளைஞர். எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக் கேட்டார். "பழைய வண்டிக்கு ரொம்ப அமைதியா இருக்கு சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பணம் அத்தைக்குத்தான் போகிறது என்ற சமாதானம் கைவசம் இருந்தது.

எழுதுகிற நண்பர்கள் இருவரிடம் இதைச் சொன்னேன். சந்தையில் மௌனம் பொய்யாகாது, வாங்குகிறவன் சோதித்துக்கொள்ளட்டும் என்றார் ஒருவர். அவர் சோதித்தாரே! அவரிடம் இருந்த ஒரே கருவி காது. அந்தக் காதுக்கு எட்டக்கூடிய ஒன்றைத்தான் நான் முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தேன். நான் பேசாமலிருந்தது வேண்டுமானால் மௌனம். எஞ்சினைப் பேசவிடாமல் செய்ததை மௌனம் என்று எப்படிச் சொல்வது? உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்மை என்று பிரித்துச் சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஏற்கட்டும், விடட்டும். என் விஷயத்துக்கு அது அசௌகரியமான அளவுக்குப் பொருந்துகிறது. என் வாய்மைக்குப் பங்கமில்லை. பொய் இரும்பின் மெய்யில் இருந்தது, என் காசில் செய்யப்பட்டு.

மற்ற நண்பர், நாம் ஒருவர் கவிதையை ஒருவர் திருத்தும்போதும் இதைத்தானே செய்கிறோம் என்றார். கரடை இழைத்துவிடுகிறோம், கரடு எதனால் வந்தது என்று பார்ப்பதில்லையாம். இருக்கலாம். ஆனால் அதில் யாருடைய வால்வும் எரிவதில்லை.

இரண்டு மாதம் கழித்து இளைஞர் போன் செய்தார். கிக்கர் லேசாக இறங்குகிறது, சூட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேனென்கிறது. குறை சொல்லவில்லை. "நீங்க யார்கிட்ட சார் விடுவீங்க?" என்றுதான் கேட்டார். அதே புதுப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். ஹெட்டை இறக்கியதும் எக்ஸாஸ்ட் வால்வு சாக்குமேல் கிடந்தது, விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லாமல். "டாப்பெட் டைட்டா இருந்திருக்கு" என்றார் மெக்கானிக், என்னைப் பார்க்காமல். யார் இறுக்கியது என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. தமிழ் இந்த வசதியைத் தாராளமாகவே தருகிறது.

இம்முறை டாப்பெட், கைடு, வால்வு எல்லாம் மாற்றச் சொன்னேன். செலவை நான் கொடுக்கிறேன் என்றேன்.

"எதுக்கு சார்?"

"மாமா ஓட்டின வண்டி. அதான்."

இது வாய் திறந்து சொன்னது. அவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கித் தராமல் விடமாட்டேன் என்றார்.